புதுவைத் தெருவில் புல்லட்

புதுச்சேரிக்குப் பிரயாணம் போகிறவர்கள் பெரும்பாலும் கடலைப் பார்க்கப் போகிறார்கள். சிலர் ஆசிரமத்தைத் தரிசிக்கப் போகிறார்கள். இளைஞர்கள் மஞ்சள் பூசிய பிரெஞ்சு மாளிகைகளின் முன்னே நின்று படம் பிடித்துக்கொள்ளப் போகிறார்கள். சென்ற கோடை விடுமுறையில் நாமும், நம் பள்ளியில் பூகோளம் கற்பிக்கும் நண்பர் ஒருவரும் அங்கே மூன்று நாள் தங்கியது ஒரு மோட்டார் சைக்கிளின் பொருட்டு என்று சொன்னால் நேயர்கள் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். ஒரு யந்திரத்தின் சரித்திரத்தில் ஒரு தேசத்தின் சரித்திரமும் கலந்திருப்பதுண்டு. அதை இருந்த இடத்திலிருந்தே பார்ப்பதற்குப் புதுவைத் தெருக்களைப் போன்ற வசதியான இடம் வேறு நமக்குத் தெரியவில்லை.

புதுவை நூல் பிடித்துக் கட்டிய நகரம். தெருக்கள் யாவும் நேர்க்கோடுகள். ஒன்றையொன்று செங்கோணத்தில் வெட்டுகின்றன. வடக்கு தெற்காக ஓடும் பெரிய வாய்க்கால் ஊரை இரு கூறாகப் பிரிக்கிறது. கிழக்கே கடலோரத்தில் பிரெஞ்சுக்காரர் வசித்த பகுதி. மேற்கே தமிழர் பகுதி. இத்தெருக்களில் ஓடிய வாகனங்களைக் கொண்டே இவ்வூரின் கதையைச் சொல்லிவிடலாம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் பல்லக்கு. துய்ப்ளே துரையின் துபாஷியாயிருந்து, அரிய தினசரிக் குறிப்பை எழுதி வைத்துவிட்டுப் போன ஆனந்தரங்கப் பிள்ளை, கவர்னர் மாளிகை வரையில் பல்லக்கிலேயே செல்லும் உரிமை பெற்றிருந்தார். அந்நாளில் அது பெரும் மரியாதை. பிற்காலத்தில் வந்தது ‘பூஸ்-பூஸ்’ என்னும் வண்டி. ‘பூஸ்’ என்றால் பிரெஞ்சு பாஷையில் ‘தள்ளு’ என்று அர்த்தம். துரை ஆசனத்தில் அமர்ந்து, சக்கரத்தைத் திருப்பும் கம்பியைக் கையில் பிடித்துக்கொள்வார். தமிழர் ஒருவர் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே ஓடுவார். போகும் திசையைத் தீர்மானிப்பவர் ஒருவர். போவதற்குரிய பலத்தைக் கொடுப்பவர் வேறொருவர்! அந்நிய ஆட்சி என்பதன் பொருளை இவ்வளவு சுருக்கமாக விளக்கும் வாகனம் வேறு உண்டோ? புதுவை அருங்காட்சிச் சாலையில் அவ்வண்டியைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள்.

இப்போது அதே தெருக்களில் கேட்பது புல்லட்டின் ஒலி. ரயிலடி முதல் மிஷன் தெரு வரையில் வாடகைக்கு வண்டி கொடுக்கும் கடைகள் பல இருக்கின்றன. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிற வாலிபர்கள் ஆயிரம் வண்டிகளுக்கு நடுவே புல்லட்டையே தேடிப் பிடிக்கிறார்கள். இருபுறமும் உயர்ந்த சுவர்கள் உள்ள பழைய வீதியில் அது மெதுவாகச் செல்லும்போது, ஒவ்வொரு அடிக்கும் இடைவெளி விட்டு, நடந்து வரும் யானையின் மணியோசை போல் அதன் ஒலி நம்மை எட்டுகிறது. கண்ணுக்குத் தெரியுமுன் காதுக்குத் தெரிந்துவிடும் வண்டி அது ஒன்றுதான்.

ஊசி செய்த ஊர்

புல்லட்டின் பூர்வீகம் இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் சிறிய ஊர். தையல் ஊசி செய்வதில் உலகப் பிரசித்தி பெற்ற ஊர் அது. அங்கே ஊசி செய்துவந்த டவுன்செண்ட் கம்பெனி பிறகு சைக்கிள் செய்ய ஆரம்பித்து, கை மாறி, என்பீல்டிலிருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உறுப்புகள் செய்து கொடுக்கும் ஒப்பந்தத்தைப் பெற்றது. அந்தப் பெருமையிலேதான் ‘ராயல் என்பீல்டு’ என்ற பெயரும், ‘துப்பாக்கியைப் போல் செய்தது’ என்ற விருதும் வந்து சேர்ந்தன. 1901-ல் அவர்கள் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தார்கள். 1932-ல் ‘புல்லட்’ என்ற பெயருடைய வண்டி வெளிவந்தது. துப்பாக்கியைப் போல் செய்தவர்கள் தங்கள் வண்டிக்குக் குண்டின் பெயரை வைத்தது பொருத்தந்தானே!

ஆனால் நம் நாட்டார் அறிந்த புல்லட் யுத்தத்திற்குப் பின் பிறந்தது. 1948-ல் இத்தாலியில் நடந்த ஆறு நாள் சர்வதேசப் போட்டியில் அதன் மாதிரி வண்டிகள் ஓடித் தங்கப் பதக்கங்கள் பெற்றன. பின்சக்கரம் மேலும் கீழும் அசைந்து, பள்ளம் மேடுகளின் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும் அமைப்பு அப்போது புதுமை. மறு வருஷம் அது விற்பனைக்கு வந்தது. அதன் எஞ்சின் 346 கன சென்டிமீட்டர் கொள்ளளவுடையது. சிலிண்டரின் குறுக்களவு 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமோ 90 மில்லிமீட்டர். இதில்தான் புல்லட்டின் ரகசியம் இருக்கிறது. நம் கிராமத்து ஏற்றத்தை நினைத்துப் பாருங்கள். நீண்ட ஏற்றமரம் சீக்கிரம் ஏறி இறங்காது. ஆனால் ஒவ்வொரு தடவையும் நிறையத் தண்ணீரைக் கொண்டு வரும். புல்லட்டின் நீண்ட வீச்சும் அப்படியே. அவசரம் இல்லை, பலம் உண்டு. அதன் ஒலி நிதானமாக இருப்பதும் இதனாலேயே.

திருவொற்றியூருக்கு வந்த கதை

1949-ல் கே. ஆர். சுந்தரம் ஐயர் என்பவர் ‘மெட்ராஸ் மோட்டார்ஸ்’ என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கி, இங்கிலாந்திலிருந்து மோட்டார் சைக்கிள்களை வரவழைத்து விற்று வந்தார். புதிதாய்ச் சுதந்திரம் பெற்ற நாட்டுக்கு நீண்ட எல்லைகளைக் காவல் காக்கும் பொறுப்பு வந்திருந்தது. மலைப்பாதையிலும் மணல்வெளியிலும் தளராத வண்டி ராணுவத்துக்குத் தேவைப்பட்டது. 1952-ல் 500 புல்லட்டுகளுக்கு ராணுவம் உத்தரவு கொடுத்தது. இவ்வளவு வண்டிகளைக் கப்பலில் கொண்டுவந்துகொண்டே இருப்பதைவிட இங்கேயே செய்தாலென்ன என்ற எண்ணம் பிறந்தது. 1955-ல் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூடி ‘என்பீல்டு இந்தியா’ என்ற கம்பெனியை அமைத்தன. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது.

பட்டினத்தடிகள் சமாதியடைந்த தலம் திருவொற்றியூர். உலகத்துப் பொருள்களையெல்லாம் துறந்த துறவி அடங்கிய கடற்கரையில், உலகத்துச் சாலைகளையெல்லாம் நாடும் வண்டி பிறந்தது விந்தை. 1956-ல் ஆலை திறந்தது. அவ்வருஷம் முடிவதற்குள் செய்து முடித்தவை 163 வண்டிகள். ‘செய்தவை’ என்பதுகூட மிகை. உறுப்புகள் பெட்டிகளில் வந்தன, நம்மவர்கள் பூட்டி முடித்தார்கள். அடுத்த வருஷம் உறுப்புகளைச் செய்வதற்குரிய கருவிகளே இங்கு வந்தன. பிறகு ஒவ்வோர் உறுப்பாக நம் பட்டறைகளில் வார்க்கவும் கடையவும் கற்றுக்கொண்டார்கள். 1962-க்குள் எல்லா உறுப்புகளும் இந்தியாவிலேயே தயாராயின.

இந்த வருஷக் கணக்கைப் புதுவையின் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது நமக்கு வியப்புண்டாயிற்று. புதுவை பிரெஞ்சு ஆட்சியை விட்டு இந்தியாவின் நிர்வாகத்தில் வந்தது 1954 நவம்பர் 1-ந் தேதி. ஆனால் சட்டப்படி பூரணமாகச் சேர்ந்தது 1962 ஆகஸ்டு 16-ந் தேதி. இடையிலே எட்டு வருஷம். ஆட்சி கைமாறியது வேறு, பத்திரம் கைமாறியது வேறு. வண்டியின் கதையும் அதே வழியில்தான் நடந்தது. பெயர்ப்பலகை மாட்டிய அன்றே அது நம்முடையதாகவில்லை. கடைசித் திருகாணியை நாமே செய்யத் தெரிந்துகொண்ட அன்றுதான் நம்முடையதாயிற்று.

அப்பால் நடந்ததுதான் வேடிக்கை. பெற்ற தாய் மெலிந்தாள், பிள்ளை வளர்ந்தது. ரெட்டிச் ஆலை 1967-ல் மூடப்பட்டது. பிராட்போர்டு-ஆன்-ஏவன் என்ற ஊரில் பூமிக்கடியில் நடந்துவந்த மிச்ச வேலையும் 1970-ல் நின்றது. திருவொற்றியூரோ நிற்கவில்லை. 1977-ல் அங்கே செய்த புல்லட்டுகள் கப்பலேறி இங்கிலாந்துக்கே விற்பனைக்குச் சென்றன! கொல்லன் தெருவில் ஊசி விலைபோகுமா என்று கேட்பார்கள். ஊசிக்குப் பேர்போன ஊரின் நாட்டிலேயே நம்மவர்கள் அந்த ஊரின் வண்டியை விற்றுக் காட்டினார்கள்.

பெயர் மட்டும் போதுமா?

இதே காலத்தில் அமெரிக்காவில் நடந்ததையும் நேயர்கள் அறிவது நலம். 1964-ல் பான்டியாக் கம்பெனி, நடுத்தரமான காரின் உடலுக்குள் பெரிய காரின் எஞ்சினை வைத்து ‘ஜி.டி.ஓ.’ என்ற வண்டியை வெளியிட்டது. எட்டு சிலிண்டர், புல்லட்டைப் போல் பதினெட்டு மடங்கு கொள்ளளவு. வாலிபர்கள் பைத்தியமானார்கள். தசைவலி மிகுந்த மல்லனுக்கு ஒப்பிட்டு ‘மஸில் கார்’ என்று அவ்வினத்துக்கே பெயர் வந்தது. ஆனால் இன்ஷ்யூரன்ஸ் கட்டணம் ஏறிற்று. புகையைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் வந்தன. 1973-ல் எண்ணெய்ப் பஞ்சம் ஏற்பட்டது. 1974-ல் ஜி.டி.ஓ. நின்றுவிட்டது. முப்பது வருஷத்துக்குப் பின் 2004-ல் அதே பெயரில் ஒரு கார் வந்தது. அது ஆஸ்திரேலியாவில் வேறு கம்பெனி செய்துவந்த கார். பெயரை மட்டும் ஒட்டியிருந்தார்கள். 2006-ல் அதுவும் மறைந்தது. பெயரைப் புதுப்பிப்பது எளிது; அறுந்த பரம்பரையைப் புதுப்பிப்பது எளிதன்று.

புல்லட்டுக்கும் கண்டம் வராமலில்லை. 1980-களின் நடுவில் ஜப்பானியர் கூட்டுறவில் சிறிய, சிக்கனமான வண்டிகள் நம் நாட்டில் பெருகின. புல்லட்டோ எண்ணெய் சிந்தும். உதைத்துக் கிளப்பத் தெரியாதவனின் காலைத் திருப்பி உதைக்கும். 1993-ல் டீசலில் ஓடும் மோட்டார் சைக்கிளைக்கூடத் திரளாகச் செய்து பார்த்தார்கள். ஐஷர் கம்பெனி 1990-ல் கைகொடுத்து, 1994-ல் என்பீல்டைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அப்படியும் 2000 வாக்கில், மாதம் 6,000 வண்டி செய்யக்கூடிய ஆலையில் 2,000 வண்டியே விலைபோயிற்று. மூடிவிடலாமா என்ற யோசனை எழுந்தபோது, ஐஷர் குடும்பத்து இளைஞர் சித்தார்த்த லால் பொறுப்பேற்றார். 2008-ல் எஞ்சினும் கியர்ப்பெட்டியும் ஒரே உடலாய் அமைந்த புதிய எஞ்சின் வந்தது. 2013-ல் ஒரகடத்திலும், 2017-ல் வல்லம் வடகாலிலும் புதிய ஆலைகள் தோன்றின. 2023-ல் புல்லட் மறுபடியும் முற்றிலும் புதிய எஞ்சினைப் பெற்றது. 163 வண்டியில் தொடங்கிய அந்தக் கம்பெனி, 2024–25-ம் வருஷத்தில் எல்லா வகைகளும் சேர்த்து 10 லட்சம் வண்டிகளுக்கு மேல் விற்றது.

விரலே அளவுகோல்

இரண்டாம் நாள் காலையில் வாய்க்காலுக்கு மேற்கே ஒரு சந்தில் உள்ள பட்டறைக்குச் சென்றோம். அறுபது வயது மதிக்கத்தக்க மேஸ்திரி ஒருவர், பதினேழு வயதுப் பையன் ஒருவனுக்குப் பழைய வார்ப்பிரும்பு எஞ்சினைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். வால்வுகளைத் தள்ளும் இரண்டு கம்பிகளையும் பையன் விரல்களுக்கிடையில் பிடித்து உருட்டிப் பார்த்தான்.

“எவ்வளவு இடைவெளி வைக்க வேண்டும்?” என்று கேட்டோம்.

“விரல்தான் சார் அளவுகோல். எஞ்சின் ஆறியிருக்கணும். கம்பி கையிலே சுத்தணும். ஆனா மேலும் கீழும் ஆடக்கூடாது. அவ்வளவுதான் வித்தை” என்றார் மேஸ்திரி.

பின்பு கிளப்பிக் காட்டினார். விளக்கின் அருகே உள்ள சிறிய மின்மானியின் முள் நடுவே வந்து நிற்கும் வரையில் மெல்ல மிதித்தார். சிறிய நெம்புகோலை இழுத்துச் சிலிண்டரின் அழுத்தத்தை விடுவித்து, இன்னும் கொஞ்சம் மிதித்தார். பின் நெம்புகோலை விட்டு ஒரே உதை. வண்டி உயிர் பெற்றது. பலத்தினால் அல்ல, பதத்தினால்.

புதிய வண்டிகளைப் பற்றிக் கேட்டோம். “நல்ல வண்டி சார். எண்ணெய் சிந்தாது. பித்தானை அமுக்கினாக் கிளம்பிடும். முன்னே வலது காலிலே கியர், இடது காலிலே பிரேக்கு, இப்போ தலைகீழ். பழைய ஆளுங்க பிரேக்குன்னு நெனச்சுக் கியரை மிதிக்கிறாங்க” என்று சிரித்தார். 2020-ல் அமுலான புகைக் கட்டுப்பாட்டு விதிக்குப் பின் வந்த வண்டிகளில் பெட்ரோலை அளந்து விடுவதும் மின்மூளையின் வேலை. கோளாறைக் கண்டுபிடிக்கவும் அதற்குரிய கருவியைப் பூட்ட வேண்டும். பையன் அதையும் பயின்று வருகிறானாம். “அவன் ரெண்டும் தெரிஞ்சவனா வருவான் சார். எனக்கு ஒண்ணுதான் தெரியும்” என்றார். அதில் வருத்தம் இல்லை. தகப்பனின் கர்வமே இருந்தது.

நான்கு வீச்சு எஞ்சினின் படத்தை அழகாக வரைந்து முழு மதிப்பெண் வாங்கும் மாணவர்கள் நம் பள்ளிகளில் ஏராளம். அவர்களில் எத்தனை பேர் அந்தக் கம்பியை விரலால் உருட்டிப் பார்த்திருப்பார்கள்? இந்தச் சந்தில் நடப்பதும் கல்விதான் என்று நாம் ஒப்புக்கொள்ளும் நாள் எந்நாளோ?

புகையாத புகைபோக்கி

அன்று மாலை நண்பர், கடலூர் சாலையிலுள்ள ரோடியர் மில்லைப் பார்க்க வேண்டும் என்றார். மோட்டார் சைக்கிளுக்கும் பஞ்சாலைக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். பார்த்த பிறகுதான் சம்பந்தம் விளங்கிற்று.

புதுவையும் ஒரு காலத்தில் யந்திரத் தொழிலுக்குப் பேர்பெற்ற ஊர். 1828-லேயே இங்கு சவானா மில் ஏற்பட்டது. நீலச்சாயம் தோய்த்த புதுவைத் துணி கடல் கடந்து மேற்கு ஆப்பிரிக்கா வரையில் சென்றது. 1898-ல் தோன்றிய ரோடியர் மில் பிற்காலத்தில் ‘ஏ.எப்.டி.’ என்று பெயர் பெற்று, ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறிட்டது. 1936 ஜூலை 30-ந் தேதி, உரிமை கேட்ட பஞ்சாலைத் தொழிலாளர் மீது பிரெஞ்சுப் போலீஸ் சுட்டதில் பன்னிரண்டு பேர் உயிர் துறந்தனர். அவர்கள் சிந்திய ரத்தத்தின் பயனாக மறு வருஷமே எட்டு மணி நேர வேலை உரிமை சட்டமாயிற்று. வாய்க்காலின் எந்தப் பக்கத்து மாளிகையையும்விட இம்மில் புதுவையின் சரித்திரத்துக்கு நெருங்கியது என்று சொன்னால் தவறாகாது.

அப்படிப்பட்ட மில் 2020 ஏப்ரலில் நிரந்தரமாக மூடப்பட்டது. வாயிலில் நாம் நின்றபோது சங்கு ஊதவில்லை. தறிச் சத்தம் இல்லை. நூலின் இழை அறுந்தால் விரலால் ஒட்டத் தெரிந்தவர்கள், தறியின் ஓசை மாறுவதைக் கொண்டே கோளாறை அறிந்தவர்கள், ஊருக்குள் சிதறிப் போனார்கள். அவர்களுக்குத் தெரிந்ததைக் கற்றுக்கொள்ள எந்தப் பதினேழு வயதுப் பையனும் அருகில் இல்லை. கட்டிடத்தைப் பாதுகாக்கலாம், யந்திரத்தைக் காட்சிச் சாலையில் வைக்கலாம். அந்த விரல்களின் அறிவை எந்தக் காட்சிச் சாலையில் வைப்பது?

ஊசி செய்த ரெட்டிச்சின் வண்டி ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் வாழ்கிறது. துணி நெய்த புதுவையின் ஆலை நின்ற இடத்திலேயே ஓய்ந்துவிட்டது. முதலும் சந்தையும் அரசாங்கக் கொள்கையும் இதற்குக் காரணங்கள் என்பது மெய்யே. ஆனால் அவற்றுக்கும் அடியில் ஒரு காரணம் உண்டு. கைக்குக் கை மாறிக்கொண்டே வந்த தொழில் ஓர் இடத்தில் விட்டுப் போனாலும் மற்றோர் இடத்தில் வேர்விடும். கை மாறுவது நின்றுவிட்டால் பிறந்த மண்ணிலும் பட்டுப்போகும்.

1949-ல் வந்த புல்லட்டின் ஓர் உறுப்பாவது இன்றைய புல்லட்டில் அப்படியே இருக்குமா என்று நண்பர் கேட்டார். இருக்காது என்றே தோன்றுகிறது. அப்படியானால் இரண்டும் ஒரே வண்டிதானா? புதுவைக்கு அருகே வில்லியனூரில் திருக்காமீசுவரர் தேர் இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சியில் கவர்னரும் வந்து வடம் பிடித்த தேர். இன்று துணைநிலை ஆளுநர் வடம் பிடிக்கிறார். தேர் என்றால் சக்கரம் தேயும், அச்சு முறியும், மரம் உளுக்கும். ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டேதான் வருவார்கள். ஆனாலும் பாட்டன் இழுத்த தேரையே நாமும் இழுக்கிறோம் என்று ஊரார் சொல்கிறார்கள், அது பொய்யன்று. மரத்தினால் அல்ல, செய்யத் தெரிந்த ஆசாரியும் இழுக்க வரும் ஜனங்களும் விட்டுப்போகாமையால் தேர் தேராக நிற்கிறது.

புதுவைக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்லும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடலைக் காட்டுங்கள், காந்தி சிலையைக் காட்டுங்கள், அருங்காட்சிச் சாலையிலுள்ள தள்ளுவண்டியையும் காட்டுங்கள். பிறகு வாய்க்காலைத் தாண்டி மேற்கே வந்து, ஏதாவது ஒரு பட்டறை வாசலில் அரைமணி நேரம் அவர்களை நிற்க விடுங்கள். மேஸ்திரி அனுமதித்தால், அந்தக் கம்பியை ஒரு முறை விரலால் உருட்டிப் பார்க்கட்டும். கையில் மை படுமே என்று அஞ்ச வேண்டாம். சோப்புப் போட்டால் போய்விடும்.